நாடக வாளுக்கு நிலைத்து நிற்கும் நீலக்கருப்பு ஏற்றுவது எப்படி?

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் வந்திறங்கிய காலத்தை வைத்து அவருடைய ஊர்க்குழு ஒரு நாடகம் போடுகிறது. அதற்காகக் கூர் இல்லாத ஒரு வாள், கேடயத்துக் குமிழ்கள், இடுப்பு வாரின் கொக்கி, ஒரு பழைய பெட்டியின் பூட்டுத் தகடு, கீல்கள் என எல்லாவற்றையும் உலோகத்திலேயே செய்திருக்கிறார். பழைய எஃகுக்கு இருக்கும் அந்த நீலம் கலந்த கருப்பு வர வேண்டும் என்று கடையில் விற்கும் ‘கோல்ட் ப்ளூ’ என்ற, சூடாக்காமல் தேய்க்கும் குளிர்த் திரவத்தைத் தேய்த்திருக்கிறார். முதல் நாள் நன்றாக இருந்ததாம். இரண்டு ஒத்திகை முடிவதற்குள் கைபட்ட இடமெல்லாம் வெளுத்து, அடுத்த வாரமே செந்துரு பூத்துவிட்டது. கொக்கியில் நிறம் பிடிக்கவே இல்லை. பெயிண்ட் அடித்தால் பொம்மை போலத் தெரிகிறது என்கிறார். நிலைத்து நிற்கும்படி எப்படி ஏற்றுவது என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் கும்பகோணத்தில் 20 வருடத்துக்கு மேல் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். நாடகக் குழுக்களுக்கும் கோயில் வாகனங்களுக்கும் இரும்புச் சாமான் செய்து கொடுத்த பழக்கத்தில் சொல்கிறேன். உங்கள் கைவேலையில் பெரிய பிழை எதுவும் இல்லை. நீங்கள் எடுத்த வழி அவ்வளவுதான் தரும். நம் டெல்டாவில் எது நமக்கு எதிரியோ, அந்தத் துருவையே வேலைக்கு வைத்துக்கொள்ளும் ஒரு பழைய முறை இருக்கிறது. மெதுவானது, ஆனால் நிற்கும். அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு விஷயம் தெளிவாக வேண்டும்.

இரும்பில் நாம் பார்க்கும் செந்துருவும் இந்த நீலக்கருப்பும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டுமே இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்தவை. செந்துரு பொரபொரவென்று இருக்கும், பிடிப்பில்லாமல் உதிரும், அடியில் இருக்கும் இரும்பையும் தின்றுகொண்டே போகும். மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடு அப்படி இல்லை. இறுக்கமாக, இரும்போடு ஒட்டியே வளரும். நல்ல நீலக்கருப்பு என்பது இந்த மேக்னடைட் படலம்தான். அது மேலே பூசியது இல்லை, அந்த இரும்பே மாறி வந்த தோல். அதனால்தான் தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. கனமும் மிகக் குறைவு, ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். பவுடர் கோட்டிங் என்றால் 60, 80 மைக்ரான் ஏறிவிடும். கீல், பூட்டு நாக்கு போன்று ஒன்றுக்குள் ஒன்று நகர வேண்டிய பாகங்களில் இந்த வித்தியாசம் பெரிது. நீலக்கருப்பு ஏற்றினால் அளவு மாறாது, அரம் போட்ட கோடும் செதுக்கிய பூவும் அப்படியே தெரியும்.

நீங்கள் வாங்கிய திரவம் வேலை செய்யும் விதமே வேறு. அதில் பெரும்பாலும் செலினியம் உப்பும் மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) அமிலமும் இருக்கும். இரும்பின் மேல் செம்பும் செலினியமும் சேர்ந்த ஒரு கருப்புப் படிவை அது விட்டுச் செல்கிறது. இரும்பு மேக்னடைட்டாக மாறுவதில்லை. அதனால்தான் உள்ளங்கை வியர்வைக்கே போய்விடுகிறது. சிறு கீறலை மறைக்க, திருகாணித் தலையைக் கருப்பாக்க அது போதும், முழு வாளுக்குப் போதாது. செலினியம் நஞ்சு என்பதையும் மறக்க வேண்டாம். கையுறை இல்லாமல் தொடக் கூடாது. மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றவே கூடாது.

அடுத்தது, நீங்கள் செய்த பாகங்கள் எல்லாம் உண்மையில் இரும்புதானா? கொக்கியில் நிறமே பிடிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்குதான் சந்தேகம். நீலக்கருப்பு இரும்புக்கும் சாதாரண எஃகுக்கும் மட்டும்தான். நம் ஊரில் கைக்கு எளிதாகக் கிடைப்பது பித்தளை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, கும்பகோணம் பாத்திரம், சுவாமிமலை வார்ப்பு என்று நம்மைச் சுற்றி இருப்பதெல்லாம் செம்புக் குடும்பம். அந்தக் கைகளுக்குத் தெரிந்த நிறமேற்றும் வித்தை வேறு. இரும்புக்கு அது ஆகாது, இரும்பின் வித்தை அதற்கு ஆகாது.

காந்தம் வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. ஒட்டவில்லை என்றால் பித்தளை, அலுமினியம், துத்தநாக வார்ப்பு, சமையல் பாத்திர வகை ஸ்டெயின்லெஸ் இவற்றில் ஒன்று. ஒட்டினாலும் முடிவு செய்துவிடாதீர்கள். கத்தி செய்யும் ஸ்டெயின்லெஸ் ரகங்கள் காந்தத்தில் ஒட்டும், நீலக்கருப்பு ஏறாது. அதில் இருக்கும் குரோமியம் துருவை வரவிடாது, துரு வராத இடத்தில் நம் வேலை நடக்காது. அதனால் இரண்டாவது சோதனைக்கு உரக்கடையில் ஒரு பொட்டலம் மயில்துத்தம் வாங்கித் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். உலோகத்தை உப்புத்தாளால் ஒரு மூலையில் தேய்த்து ஒரு சொட்டு விடுங்கள். சில நொடியில் செம்பு நிறம் படிந்தால் சுத்தமான இரும்பு. கருகருவென்று தூள் போலப் படிந்தால் துத்தநாகம். ஒன்றுமே ஆகாமல் நீலத் தண்ணீராகவே நின்றால் ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கலாம், அல்லது மேலே கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் இருக்கலாம். நிக்கல் முலாம் பூசிய தகடாகவும் இருக்கலாம். உங்கள் கொக்கி துத்தநாக வார்ப்பு என்பது என் ஊகம். கடையில் கிடைக்கும் அலங்காரக் கொக்கிகள் பெரும்பாலும் அதுதான். அதை இந்த வேலையிலிருந்து ஒதுக்கிவிட்டு, இரும்புப் பட்டையில் புதிதாக ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அரை நாள் வேலைதான்.

துத்தநாகம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கேடயம், தலைக்கவசம் செய்ய நம் பிள்ளைகள் பலரும் ஜி.ஐ. தகட்டை எடுக்கிறார்கள். விலை குறைவு, வளைக்க எளிது. அது துத்தநாகம் பூசிய தகடு. அதைக் கேஸ் விளக்கில் காய்ச்சினால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர் காய்ச்சல், உடம்பு வலி, நெஞ்சு இறுக்கம் எல்லாம் வரும். வெல்டிங் பட்டறையில் இருப்பவர்களுக்கு இது தெரியும், வீட்டில் செய்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஜி.ஐ. தகட்டுக்குத் தீயே காட்ட வேண்டாம். நிறமேற்ற வேண்டிய பாகத்துக்குப் பூச்சு இல்லாத இரும்புத் தகடு, கடையில் ‘சி.ஆர். ஷீட்’ என்று கேட்டால் தருவார்கள், அதையே வாங்குங்கள்.

சரி, இரும்பு என்று உறுதியாகிவிட்டது. அதில் கருப்பேற்ற நான்கு வழிகள் உண்டு. குளிர்த் திரவத்தைப் பார்த்துவிட்டோம். இன்னொன்று, சூடாக்கி நிறம் எடுப்பது. பளபளவென்று தேய்த்த எஃகைச் சூடாக்கினால் 220 டிகிரி அளவில் வைக்கோல் மஞ்சள் வரும், 280 பக்கம் ஊதா, 300 வாக்கில் மயில் கழுத்து நீலம். அதைத் தாண்டினால் சாம்பலாகிவிடும். பார்க்க அவ்வளவு அழகு. கடிகார முள்ளிலும் திருகாணியிலும் காலம் காலமாக இந்த நீலம்தான். ஆனால் அந்தப் படலம் அத்தனை மெல்லியது. நிறமே படலத்தின் கனத்தில் ஒளி விளையாடுவதால் தெரிவது. மேடையில் கைமாறும் பொருளுக்கு அது தாங்காது. உங்கள் பூட்டுத் தகட்டில் இருக்கும் நான்கு அலங்கார ஆணிகளுக்கு மட்டும் செய்யுங்கள். வாணலியில் ஆற்றுமணலைக் கொட்டிச் சூடாக்கி, ஆணியை மணலில் பாதி புதைத்து வைத்தால் சூடு சீராக ஏறும். நீலம் தெரிந்த நொடியில் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, தொழிற்சாலை முறை. பிளாக்கோடைசிங் என்பார்கள். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த அடர்ந்த கரைசலை 140 டிகிரி அளவில் கொதிக்கவைத்து, பாகங்களை அதில் இறக்கி எடுப்பது. அரை மணிக்குள் நல்ல கருப்பு ஏறிவிடும். நிறமும் சீராக இருக்கும், நீடிக்கவும் செய்யும். திருச்சி, கோயம்புத்தூர் பக்கம் கூலிக்குச் செய்து தரும் பட்டறைகள் உண்டு. ஒரே மாதிரி 50 குமிழ் வேண்டும் என்றால் அங்கே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். வீட்டுக் கொல்லையில் இதைச் செய்ய மட்டும் நினைக்காதீர்கள். யூடியூபில் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். அந்தச் சூட்டில் இருக்கும் காஸ்டிக்கில் ஒரு கை தண்ணீர் தவறி விழுந்தால் வெடித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அலுமினியப் பாத்திரம் என்றால் பாத்திரமே கரைந்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். நான் இத்தனை வருடம் பட்டறை வைத்திருந்தும் அந்தத் தொட்டியை என் இடத்தில் வைத்ததில்லை.

கூலிக்குக் கொடுத்தாலும் ஒரு எச்சரிக்கை. ஒரு முறை தகடு மேல் தகடு வைத்து ரிவெட் அடித்த கேடய விளிம்புகளை ஒரு பட்டறையில் கொடுத்து வாங்கினேன். வந்த அன்று அருமையாக இருந்தது. பத்து நாள் கழித்து ரிவெட் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக உப்புக் கசிய ஆரம்பித்தது, சுற்றிலும் துரு. இரண்டு தகட்டுக்கு நடுவில் புகுந்த காஸ்டிக் உப்பை அவர்கள் சரியாகக் கழுவவில்லை. இடுக்கு உள்ள சாமான் என்றால் பிரித்துத் தனித்தனியாகக் கொடுங்கள், பிறகு ரிவெட் அடித்துக்கொள்ளலாம். ஈயப் பற்றவைப்பு இருந்தால் கொடுக்கவே வேண்டாம். அந்தக் கரைசல் பற்றவைப்பைத் தின்றுவிடும்.

இப்போது நான்காவது வழிக்கு வருகிறேன். மெதுவாகத் துரு ஏற்றி, அந்தத் துருவைக் கொதிநீரில் கருப்பாக்குவது. செந்துருவை நல்ல கொதிநீரில் போட்டால் அது மேக்னடைட்டாக மாறுகிறது. முழு வித்தையும் இதில்தான் இருக்கிறது. மெல்லிய துரு, கொதி, தேய்ப்பு. மறுபடியும் துரு, கொதி, தேய்ப்பு. ஆறு ஏழு சுற்று போனால் கருப்பு ஆழமாகிவிடும். ஐரோப்பாவில் பழைய காலத்துத் தரமான எஃகுச் சாமான்களுக்கு இப்படித்தான் நிறம் ஏற்றினார்கள். தேய்மானத்துக்கு மற்ற எதையும் விட இது அதிகம் தாங்கும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடு 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் பற்றவைப்புக்கும் ஒன்றும் ஆகாது.

இதற்கு ஈரக்காற்று வேண்டும். வறண்ட ஊரில் இருப்பவர்கள் இதற்கென்று ஈரப் பெட்டி செய்து, உள்ளே வெந்நீர் வைத்துப் பாடுபடுகிறார்கள். நமக்கு ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் போதும், ஊரே ஈரப் பெட்டிதான். பட்டறைச் சுவரில் மாட்டிய அரத்துக்கு ஒரே ராத்திரியில் துரு வந்து நாம் திட்டுவோமே, அதே காற்று இங்கே கூலி வாங்காமல் வேலை செய்யும்.

முதல் வேலை பழைய தோலை எடுப்பது. சூட்டில் உருட்டிய இரும்புப் பட்டையில் சாம்பல் கருப்பாக ஒரு தோல் இருக்கும். அது போகாமல் மேலே எது ஏற்றினாலும் திட்டுத்திட்டாகத்தான் வரும். ஒரு இரவு வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தால் உரிந்துவிடும். நீங்கள் முன்பு ஏற்றிய நிறமும் சேர்ந்து போய்விடும். கழிப்பறைக்கு விற்கும் ஆசிட் வேகமாகச் செய்யும்தான். ஆனால் அதன் ஆவி பட்டறைக்குள் இருக்கும் எல்லா இரும்பையும் துருவாக்கும், அதனால் வினிகரே போதும் என்பேன். அப்புறம் உப்புத்தாள். 120 நம்பர் தாளில் தொடங்கி 220, 320 வரை, ஒரே திசையில். 400ஐத் தாண்டிக் கண்ணாடி மாதிரி தேய்ப்பது வீண், முதல் சுற்றுத் துருவே அந்தப் பளபளப்பை மங்கவைத்துவிடும். ஆனால் அரம் போட்ட ஆழமான கீறலை விட்டுவிட்டால் கருப்பு அதை மறைக்காது, எடுத்துக்காட்டும். வெல்டிங் வைத்த இடமும் அப்படித்தான். வெல்டிங் கம்பியின் உலோகம் வேறு, சுற்றியுள்ள இரும்பு சூட்டில் மாறியது வேறு, நிறம் ஒட்டாது. கைப்பிடிக் குறுக்கை வாளோடு வெல்டிங் வைத்திருக்கிறீர்களா, ரிவெட் அடித்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வெல்டிங் என்றால் அந்த இடத்தில் தோல் சுற்றி மறைப்பதே நல்லது.

அடுத்து எண்ணெய் நீக்கம். பத்துப் பேரில் ஒன்பது பேர் தோற்பது இங்கேதான். சலவை சோடா போட்ட தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்கவையுங்கள். கழுவிய பிறகு தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் போல முத்து முத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. துணி விரித்த மாதிரி தகடு முழுக்கப் படர்ந்து நின்றால் சுத்தம். அதன் பிறகு அசிட்டோனால் ஒரு துடைப்பு. அந்த நிமிடத்திலிருந்து வேலை முடியும் வரை வெறும் கையால் தொடக் கூடாது. தொட்டால் உங்கள் கட்டைவிரல் ரேகை அந்த வாளில் நிரந்தரமாக நிற்கும். இரண்டு முனையிலும் கம்பி கட்டி, அதைப் பிடித்தே தூக்குங்கள், மாட்டுங்கள்.

துரு ஏற்றும் திரவத்துக்கு நான் ஃபெரிக் குளோரைடு வைத்துக்கொள்கிறேன். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு அரிப்பதற்கு விற்பார்கள். கடையில் கிடைக்கும் அடர்த்தியில் போட்டால் இரும்பை அரித்துக் குழியாக்கிவிடும். தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பால் சேர்க்காத லேசான டீயின் நிறம் வரும் அளவுக்குத்தான் கலக்க வேண்டும். கையுறை, கண்ணாடி கட்டாயம். துணியில் பட்டால் கறை போகாது. உப்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து தெளிக்கும் ஒரு குறுக்கு வழியைப் பலரும் சொல்வார்கள். பழைய துருப்பிடித்த பெட்டி மாதிரி காட்ட அது சரி, நீலக்கருப்புக்கு ஆகாது. துரு கரடுமுரடாக வரும்.

ஒரு சிறு பஞ்சை அந்தத் திரவத்தில் நனைத்து, ஏறக்குறைய உலரும்படி பிழிந்து, வாளின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பிப் போகாதீர்கள். சொட்டு நின்றால் அந்த இடம் குழியாகும். எவ்வளவு குறைவாகப் பூசுகிறீர்களோ அவ்வளவு சீராகத் துரு வரும். பூசியது கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம் என்று அர்த்தம்.

பிறகு தொங்கவிட்டுவிடுங்கள். மழைக்காலம் என்றால் திண்ணையில் சாரல் படாத இடம் போதும். மாலையில் பூசினால் காலைக்குள் செம்மண் புழுதி படிந்தது போல மெல்லிய துரு சீராக வந்திருக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரம் என்றால் திண்ணை வேண்டாம். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது, அது தன் இஷ்டத்துக்குக் குழி பறிக்கும். கதவு மூடிய அறைக்குள் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் செய்வதானால் பழைய மர பீரோவுக்குள் ஈரச் சாக்கும் ஒரு பாத்திரம் வெந்நீரும் வைத்து மூடுங்கள், ஐப்பசி வந்துவிடும்.

துரு வந்ததும் கொதிநீர். இங்கே தண்ணீர்தான் எல்லாம். என் முதல் வாளை ஒரு கடலோர ஊரில், கொல்லையில் இருந்த போர்வெல் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். மூன்றாவது சுற்றில் வாள் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி வெள்ளைப் புள்ளி, அதைச் சுற்றிச் சிவப்பு. நான்கு நாள் வேலையை உப்புத்தாள் போட்டு அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்பும் உப்பும் இருக்கும், டெல்டாவின் கடைமடையில் உப்பு இன்னும் அதிகம். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது. ஆனால் வாள் நீளத்துக்குத் தொட்டி நிரப்ப கேன் கேனாக வாங்க வேண்டும். மழைத் தண்ணீர் அதே வேலையைச் செய்யும். முதல் மழை மாடியையும் ஓட்டையும் கழுவிக்கொண்டு போகட்டும். இரண்டாவது மழையில் திறந்தவெளியில் பிளாஸ்டிக் டிரம் வைத்துப் பிடித்துத் துணியில் வடிகட்டி வையுங்கள்.

தொட்டி இரும்பிலோ ஸ்டெயின்லெஸிலோ இருக்கட்டும். அலுமினிய அண்டாவும் பித்தளை அண்டாவும் வேண்டாம். வாளுக்கு நான் 4 அங்குல இரும்புக் குழாயை நீளவாக்கில் பாதியாக அறுத்து, இரண்டு முனையும் அடைத்து வைத்திருக்கிறேன். அடியில் இரண்டு அடுப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே வாளை இறக்க வேண்டும். வெதுவெதுப்பில் இறக்கினால் கருப்பாக மாறாது, துரு துருவாகவே இருக்கும். 10 முதல் 15 நிமிடம். உங்கள் கண் முன்னாலேயே சிவப்பு ஊதாவாகி, ஊதா கருப்பாகி, வெல்வெட் துணி மாதிரி ஒரு படலம் நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த ஐந்தாவது ஆறாவது நிமிடத்தை அடுப்புப் பக்கத்தில் நின்று பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது.

எடுத்ததும் தண்ணீரை ஊதித் தள்ளுங்கள், உள்ளே இருக்கும் சூட்டில் தானே காய்ந்துவிடும். ஆறியதும் தேய்ப்பு. நான்கு சைபர் (0000) நம்பர் ‘ஸ்டீல் வுல்’, அதாவது மிக மெல்லிய எஃகுப் பஞ்சு, என்று கேட்டு வாங்குங்கள். அதை அசிட்டோனில் அலசிக் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும், ஏனென்றால் அது எண்ணெய் தடவித்தான் வருகிறது. பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் கூடாது, கீறிவிடும். அழுத்தாமல், தூசி தட்டுவது போலத் தேய்த்தால் மேலே இருக்கும் தளர்ந்த கருப்பு உதிர்ந்து, அடியில் ஒட்டியது நிற்கும். முதல் சுற்றில் வெறும் சாம்பல் நிழல்தான் தெரியும். மனம் தளர வேண்டாம். மூன்றாவது சுற்றில் நிறம் கூடும். ஐந்துக்கு மேல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் உள்ளிருந்து நீலம் எழும்பும். புதிதாக நிறம் கூடவில்லை என்று தோன்றும் சுற்றில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு இரண்டு சுற்று என்றால் நான்கு நாள் கணக்கு. ஒரே வாளில் இரண்டு வகை எஃகு இருந்தால், உதாரணமாக வாளின் பட்டையை லாரி ஸ்பிரிங்கிலும் கைப்பிடிக் குறுக்கைச் சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) இரும்பிலும் செய்திருந்தால், இரண்டும் ஒரே நிறத்துக்கு வராது. துண்டு இரும்பில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசிச் சுற்று முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு கொதி. உள்ளே தங்கிய அமிலத்தை அது அடக்கும். நல்ல தண்ணீரில் அலசி, சூடாக இருக்கும்போதே எண்ணெயில் முக்கி ஒரு இரவு விட்டுவிடுங்கள். எண்ணெய் இல்லாத நீலக்கருப்பு பாதி வேலைதான். அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. அவை எண்ணெயைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், துருவைத் தடுப்பதில் பெரும் பங்கு அந்த எண்ணெய்க்குத்தான். தையல் மிஷின் எண்ணெய் போன்ற லேசான மினரல் எண்ணெய் நல்லது. நம் வீட்டில் எதற்கெடுத்தாலும் தேங்காய் எண்ணெய் தடவுவோம், இதற்கு வேண்டாம், நாளாக நாளாகக் காறிப்போய் அதுவே அமிலமாகும். நல்லெண்ணெய் பிசுபிசுத்துப் புழுதி பிடிக்கும். எண்ணெயே கையில் ஒட்டக் கூடாது என்றால், ஒரு வாரம் கழித்து நன்றாகத் துடைத்துவிட்டுத் தேன்மெழுகை டர்பென்டைனில் குழைத்து மெல்லியதாகத் தேயுங்கள். சிலர் ஆளி விதை எண்ணெய் பூசுவார்கள், அது காய்ந்து இறுகும், நல்லதுதான். ஆனால் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்துப் போடுங்கள்.

மிச்சமான ஃபெரிக் குளோரைடைச் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டுச் சாதுவாக்கி, அடியில் படியும் செம்பழுப்புச் சகதியைத் தனியே எடுத்துக் குப்பைக்கு அனுப்புங்கள். வயலுக்குப் போகும் தண்ணீரில் அது கலக்கக் கூடாது.

தஞ்சாவூர் போனால் கீழவாசல் பீரங்கி மேட்டுக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். கிட்டத்தட்ட 25 அடி நீளமும் 22 டன் எடையும் கொண்ட இரும்புப் பீரங்கி, ரகுநாத நாயக்கர் காலத்தது. வார்த்தது இல்லை, இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்துச் சேர்த்தது. 1620இல் டேனிஷ்காரர்களுக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் கொடுத்தவரும் அதே ரகுநாதர்தான். ஆகவே உங்கள் நாடகத்துக்கும் அது சம்பந்தப்பட்டதுதான். ஏறக்குறைய 400 வருட மழையில் நின்ற அந்த இரும்பின் தோலைப் பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் வாள் எந்த நிறத்துக்கு வர வேண்டும் என்பது கண்ணுக்குப் பிடிபடும். கடைக் கருப்பு பெயிண்டில் வராத ஒரு ஆழம் அதில் இருக்கிறது.

பராமரிப்பு கொஞ்சம்தான். நாடகம் முடிந்த இரவே, வேஷம் கலைப்பதற்கு முன்னால், உலர்ந்த துணியால் வியர்வையைத் துடைத்து எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். தோல் உறைக்குள் போட்டுப் பரணில் வைக்காதீர்கள். தோலில் பதனிட்ட உப்பும் அமிலமும் தங்கியிருக்கும், ஈரத்தையும் பிடித்து வைக்கும். உறை மேடைக்கு மட்டும், வீட்டில் எண்ணெய்த் துணி சுற்றித் தனியாக. வாள்மேல் வாள் மோதும் விளிம்பில் எந்த நிறமும் நிற்காது, இந்த முறையிலும்தான். அங்கே மட்டும் வருடத்துக்கு ஒரு முறை இரண்டு சுற்று ஏற்றிக்கொள்ளலாம், மீதியோடு கலந்துவிடும். குளிர்த் திரவம் இந்தச் சின்ன ஒட்டுவேலைக்குத்தான் சரி.

சரஸ்வதி பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். ஆயுத பூஜையன்று வாள் முனையில் எலுமிச்சம்பழம் குத்துவது நம் வழக்கம். அந்தச் சாறு பட்ட இடத்தில் நீலக்கருப்பு கரைந்து இரும்பு வெள்ளையாகத் தெரியும். புளித் தண்ணீரும் அதையே செய்யும். பழத்தை வாளுக்குப் பக்கத்தில் வெற்றிலை மேல் வையுங்கள். சந்தனம், குங்குமம் பிடியில் சுற்றிய தோலில் வைத்தால் போதும், பட்டையில் வேண்டாம்.

வாளைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் பூட்டுத் தகட்டில் தொடங்குங்கள். ஒரு வீட்டுப் பாத்திரத்திலேயே கொதிக்கவைத்துவிடலாம், தப்பானாலும் உப்புத்தாள் போட்டு அழித்துவிட்டு மறுபடி தொடங்க ஒரு மணி நேரம் போதும். ஐந்தாவது சுற்றில் நிறம் எப்படி வந்தது என்று எனக்கு எழுதுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த படமாக அனுப்பினால் எங்கே எண்ணெய் தங்கியது, எங்கே திரவம் அதிகமானது என்று பார்த்துச் சொல்கிறேன்.